பழைய கணினிக்குப் புது கிராபிக்ஸ் கார்டு: வாங்குமுன் திறந்து பாருங்கள்



பள்ளி விடுமுறை நெருங்கினாலே நம் கணினி வகுப்பில் ஒரே கேள்விதான். "அண்ணே, என்கிட்ட 500 வெள்ளி இருக்கு, எந்தக் கார்டு வாங்கலாம்?" பெரும்பாலும் அது வார இறுதியில் உணவகத்தில் மேசை துடைத்தோ, கடையில் சாமான் அடுக்கியோ சேர்த்த பணம். அதே கணினியில்தான் வீட்டில் தங்கச்சி எஸ்.பி.எம். பாடமும் படிக்கிறாள். ஆகவே கார்டு ஓடாமல் போனால் 500 வெள்ளி நஷ்டம். பவர் சப்ளை கருகிப் போனால் வீட்டுக்கே நஷ்டம். "எந்தக் கார்டு நல்ல கார்டு?" என்று நான் எப்போதும் தொடங்குவதில்லை. "உன் பெட்டி எதைத் தாங்கும்?" என்றுதான் கேட்பேன்.

பாடத்துக்கு ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 2014-இல் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020, கோபுரப் பெட்டி. அலுவலகங்கள் கழித்துவிட்டதை மலிவாக வாங்கிப் பலர் வீட்டில் வைத்திருக்கிறோம். உள்ளே இன்டெல் ஐ5-4590, நான்கு கோர், நான்கே திரெட். முன்பு யாரோ 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டைப் போட்டிருக்கிறார்கள். பவர் சப்ளை 290 வாட்.

முதலில், திணறுவது கார்டுதானா என்று பாருங்கள். விளையாட்டில் காட்சியின் அளவை 1080-லிருந்து 720-க்குக் குறையுங்கள். படவேகம் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. கொஞ்சமும் ஏறவில்லை என்றால் தடை செயலியிடம். எவ்வளவு விலையுள்ள கார்டு போட்டாலும் அது மாறாது. வேலொரண்ட் போன்ற விளையாட்டுகள் செயலியைத்தான் அதிகம் நம்புகின்றன. விட்டு விட்டு நிற்கிறது, காட்சி மாறும்போது உறைகிறது என்றால் நினைவகத்தையும் பாருங்கள். ஒற்றை 8 ஜிபி ராம் இருந்தால் இன்னொரு 8 ஜிபி சேர்ப்பதும், சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதும் கார்டைவிட மலிவு. தங்கச்சியின் பாடவேலைக்கும் அது உதவும். என்னைக் கேட்டால் இந்த இரண்டும் இல்லாத கணினிக்குக் கார்டு வாங்கவே கூடாது.

சரி, கார்டுதான் தடை என்று தெரிந்துவிட்டது. அடுத்தது மின்சாரம். இங்கேதான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

தாய்ப்பலகையின் நீளமான ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகமாக 75 வாட் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். 6 முனை ஒயர் 75 வாட், 8 முனை ஒயர் 150 வாட். 750 டிஐ 60 வாட்டில் அடங்கியதால்தான் இத்தனை நாள் ஒயர் இல்லாமலே ஓடியது. நம் உதாரணப் பெட்டியில் அந்தத் தனி ஒயரே கிடையாது. உடனே சிலர் என்ன செய்கிறார்கள்? எஸ்எஸ்டி-க்குப் போகும் சாட்டா ஒயரை 8 முனையாக மாற்றும் ஒரு சின்ன அடாப்டரைச் சில வெள்ளிக்கு வாங்கிச் செருகுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சாட்டா முனையின் 12 வோல்ட் பக்கம் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். கார்டு 150 வரைக்கும் கேட்கலாம். பிளாஸ்டிக் உருகும், புகை வரும். அதுல கைய வெக்காதீங்க.

பவர் சப்ளையையே மாற்றலாமே என்பீர்கள். மாற்றலாம். ஆனால் இந்த ரகப் பெட்டியில் தாய்ப்பலகைக்குப் போகும் முனை வழக்கமான 24 முனை இல்லை, 8 முனைதான். அதற்கென்று விற்கும் மாற்று ஒயர் தேவை, பவர் சப்ளை அளவும் பெட்டிக்குப் பொருந்த வேண்டும். இந்தச் செலவையும் 500 வெள்ளிக்குள் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மூன்றாவது, ஸ்லாட்டின் வேகம். ஐ5-4590 பிசிஐஇ மூன்றாம் தலைமுறை. ஒரு தடத்துக்குச் சுமார் 1 ஜிபி வேகம். 16 தடம் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 16 ஜிபி. 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டோ 4 தடம் மட்டுமே கொண்டது. நான்காம் தலைமுறைப் பலகையில் பரவாயில்லை. நம்முடையதில் அது 4 ஜிபி-க்கு இறங்கிவிடும். கார்டின் சொந்த நினைவகமும் 4 ஜிபி-தான். அது நிரம்பியதும் ராமிலிருந்து இழுக்கப் போய் அந்தக் குறுகிய பாதையில் மாட்டிக்கொள்ளும். புதுக் கணினியில் எடுத்த சோதனைக் காணொளியைப் பார்த்து இதை வாங்காதீர்கள். இன்டெல் ஆர்க் ஏ380-உம் அப்படித்தான்: ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய பலகையில் அதன் பலம் நன்றாகவே குறையும்.

இப்போது என் பரிந்துரை. பவர் சப்ளையைத் தொட விரும்பாதவர்களுக்கு 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 70 வாட்தான், பெரும்பாலான தயாரிப்புகளுக்குத் தனி ஒயர் வேண்டாம். கவனம்: அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் இருக்கிறது, அது 130 வாட். பெட்டியில் "6 ஜிபி" என்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். காசு பத்தவில்லையென்றால் பழைய ஜிடிஎக்ஸ் 1650 தேடலாம், ஒயர் முனை இல்லாத ரகமாக. பவர் சப்ளையை மாற்றத் தயாராக இருப்பவர்களுக்கு ஆர்எக்ஸ் 6600: 132 வாட், 8 ஜிபி, ஓர் 8 முனை ஒயர். இந்தச் செயலிக்கு அதற்கு மேல் எதுவும் வீண். கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும், செயலி மூச்சு வாங்கும்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதற்கும் நம் 750 டிஐ-க்கும் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. இனி பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். அதே மாதம் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. ஐ5-4590 விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வ பட்டியலில் இல்லை. பழைய பெட்டியில் பெரும் பணம் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நாளைக்கு வேறு கணினி வாங்கினால் கழற்றிக்கொண்டு போகக்கூடிய கார்டாகப் பாருங்கள்.

பழைய கார்டு வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும், நாணயம் தோண்ட ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் நிறைய சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைப்பது சும்மா இல்லை. அது 185 வாட் வேறு. தோண்டிய கார்டு எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காற்றாடி தேய்ந்திருக்கும், வெப்பப் பசை காய்ந்திருக்கும். லோ யாட் மாதிரி இடத்தில் வாங்கினால் அங்கேயே செருகி, 15 நிமிடம் சுமை கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளி புள்ளியாக நிறம் தெறித்தால் வேண்டாம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளையும் திறந்து பாருங்கள். பழைய சிப்பில் புதுப்பெயர் ஒட்டி விற்கும் கார்டுகள் பலவற்றை அது போலி என்று காட்டிவிடும். "வீட்டுல போய்ப் பாருங்க தம்பி, நல்லா ஓடும்" என்று சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

வீட்டில் பழைய திரை என்றால் அதன் பின்பக்கம் பாருங்கள். நீல நிற விஜிஏ துளை மட்டும் இருந்தால், புதுக் கார்டில் அது கிடையாது. மாற்றி ஒன்று வாங்க வேண்டும். ஐ5-4590-ஐவிடப் பழைய, இரண்டாம் தலைமுறைக் கணினி வைத்திருப்போர் பயாஸ் புதுப்பிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். யுஇஎஃப்ஐ இல்லாத பலகையில் சில புதுக் கார்டுகள் கறுப்புத் திரையோடு நின்றுவிடும்.

கடைக்குப் போகுமுன் மின்சாரத்தை அணைத்து, பெட்டியைத் திறந்து மூன்று படம் எடுங்கள்: பவர் சப்ளையின் ஸ்டிக்கர், ஸ்லாட், ஸ்லாட்டிலிருந்து முன்பக்கம் வரை உள்ள இடைவெளி. அந்த இடைவெளியை அடிக்கோலால் அளந்து எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். ஒல்லிப் பெட்டி என்றால் குட்டை ரகக் கார்டுதான் உள்ளே போகும். அந்தப் படங்களோடு வகுப்புக்கு வந்தால் சேர்ந்தே பார்க்கலாம்.