கூட்டத்தில் பேசத் தெரியுமா? கரியருக்கு அது பெரிய பிளஸ்!

தூத்துக்குடி வேகமாக வளர்கிறது. 2008-ல் மாநகராட்சி ஆனது. பிறகு முத்தையாபுரம், மீளவிட்டான், சங்கரப்பேரி, அத்திமரப்பட்டி என்று புறநகர்ப் பகுதிகளும் சேர்ந்தன. இன்று 60 வார்டுகள். சிலாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்று. பிளாட் போட்டதும் வீடுகள் வந்துவிடும். அங்கன்வாடி, சுகாதார நிலையம், பஸ், வடிகால் எல்லாம் கேட்டால்தான் வரும்.

மக்களை அப்படிக் கேட்க வைப்பது ஒரு திறமை. என்ஜிஓ, கம்பெனியின் சமூகப் பொறுப்புப் (சிஎஸ்ஆர்) பிரிவு, பிளானிங் கன்சல்டன்சி போன்ற இடங்களில் அதற்கு மதிப்பு உண்டு. எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) டிகிரி உங்களோடு போட்டி போடுபவரிடமும் இருக்கும். தெருவில் மக்களை உட்காரவைத்துப் பேசிய அனுபவம் அவரிடம் இருக்காது. அதை நீங்கள் சம்பாதியுங்கள்.

1. மேடை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களையும் காலண்டரில் குறியுங்கள். மாநகராட்சி என்றால் பகுதி சபாவும் வார்டு குழுவும். தேதியை வார்டு கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாள்.

2. எண்ணோடு போங்கள். 'அங்கன்வாடி வேண்டும்' என்று நூறு பேர் கேட்பார்கள். 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி, நகர்ப்புறத்தில் 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று அரசே அளவுகோல் வைத்திருக்கிறது. உங்கள் பகுதியில் எத்தனை வீடு, ஐந்து வயதுக்குள் எத்தனை குழந்தை, பக்கத்து மையம் எவ்வளவு தூரம்? ஒரே பக்கத்தில் டேபிள் போடுங்கள். அதிகாரி எடுத்துப்போவது அந்தத் தாளைத்தான்.

3. வராதவர்களைத் தேடிப் போங்கள். உப்பளத்துக்குப் போகும் அக்கா விடியும் முன்பே கிளம்பிவிடுவார். விசைப்படகுத் தொழிலாளி அதிகாலையில் கடலுக்குப் போய் இரவில்தான் கரை திரும்புவார். துறைமுகத்தில் ஷிஃப்ட். காலை பதினொரு மணிக் கூட்டத்துக்கு இவர்கள் யாரும் வர மாட்டார்கள். முந்தின வாரமே வீடு தேடிப் போய் எழுதி வாருங்கள். பிள்ளையை எங்கே விட்டுப் போகிறார் என்று அந்த அக்காவிடம் கேளுங்கள். அங்கன்வாடி எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரியும்.

4. வெள்ளத்தைப் பதிவாக்குங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது; தூத்துக்குடியின் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. எந்தத் தெருவில் எத்தனை அடி, எத்தனை நாள், எந்தப் பக்கம் வடிந்தது? மொபைல் மேப்பில் குறித்து, போட்டோ சேருங்கள். வடிகால் பற்றிப் பேச இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

5. இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். பிரச்னை, எண், கோரிக்கை, இடம் என்ற வரிசையில் பேசுங்கள். 'இந்த சர்வே எண்ணில் புறம்போக்கு இடம் இருக்கிறது' என்று சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கோபம் வேண்டாம். பக்கத்து வார்டும் அதே நிதிக்குத்தான் நிற்கிறது. தயாராக வந்தவர் வாங்கிப் போவார்.

6. தீர்மானத்தை விடாதீர்கள். உங்கள் கோரிக்கை தீர்மானமாகப் பதிவானதா என்று அங்கேயே பாருங்கள். நகல் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. நிதி இல்லை என்றால் சிஎஸ்ஆர் கதவைத் தட்டுங்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும்.

7. ரெஸ்யூமில் ஏற்றுங்கள். 'சமூக சேவையில் ஆர்வம்' என்ற வரியை அடித்துவிடுங்கள். எத்தனை வீட்டில் சர்வே எடுத்தீர்கள், என்ன தீர்மானம் ஆனது, என்ன கட்டினார்கள் என்று எழுதுங்கள். டேபிள், மேப், தீர்மான நகல் மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு இன்டர்வியூவுக்குக் கொண்டுபோங்கள். பேர் உங்களுக்குக் கிடைக்கட்டும், தப்பில்லை. தெருவுக்கு அங்கன்வாடி வந்திருக்கிறது அல்லவா? அடுத்த கூட்டத் தேதியை இன்றே விசாரித்து, முதல் பத்து வீட்டு சர்வேயை இந்த ஞாயிற்றுக்கிழமையே முடியுங்கள்.