நாடகத்தைக் கற்றலும் மதிப்பிடலும்

(மேல்வகுப்பு மாணவர்க்குரிய பாடம்)



நாடகத்தை இருமுறை கற்க வேண்டும்: ஏட்டில் ஒருமுறை, அரங்கில் ஒருமுறை. ஏட்டில் சொல் மட்டுமே பேசும். அரங்கிலோ கையும் கண்ணும் மௌனமும் உடன் பேசும். குடும்பத்துள் நிகழும் வஞ்சகத்தைப் பொருளாகக் கொண்ட நாடகங்களில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும்.

ஜேர்மன் மகாகவி ஷில்லர் இயற்றிய 'கொள்ளையர்' என்னும் நாடகத்தை எடுத்துக்கொள்வோம். 1781இல் நூலாக வெளிவந்த இந்நாடகம் 1782 ஜனவரி 13இல் மன்ஹைம் நகரில் முதன்முதலாக மேடையேறியது. அன்று வஞ்சகனான ஃபிரான்ஸாக நடித்தவர், நாம் வாழும் ஹனோவரிலே 1759இல் பிறந்த இஃப்லண்ட் என்னும் நடிகர்.

மூத்த மகன் கார்ல் லைப்சிக் நகரிலே கல்வி கற்கச் சென்றவன். அவன் பெருங்குற்றங்கள் புரிந்து ஓடிவிட்டான் எனக் கூறும் கடிதமொன்றை இளையவன் ஃபிரான்ஸ் தந்தைக்கு வாசித்துக் காட்டுகிறான். அக்கடிதம் அவனே புனைந்தது. தந்தை அகன்றபின், தன் கையெழுத்தை எவரேனும் அறியக்கூடும் என அஞ்சி, கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி எடுக்கிறான். ஏட்டில் இஃது ஒரு வரி. அரங்கிலோ அவன் நெஞ்சத்தையே திறந்து காட்டும் செயல்.

இத்தகைய நாடகத்தை மதிப்பிடப் பின்வரும் மூன்று வினாக்கள் உதவும்.

1. வஞ்சகம் நம்பத்தக்கதாக அமைந்துள்ளதா? ஃபிரான்ஸ் அண்ணன்மீது அன்புடையான்போலத் தயங்கித் தயங்கியே வாசிக்கிறான். ஆயினும் தந்தை கடிதத்தைத் தாமே வாசித்துப் பார்க்கவில்லை; மறுமொழி எழுதும் பொறுப்பையும் அவனிடமே விடுகிறார். இவ்வளவு எளிதில் ஒரு தந்தை ஏமாறுவாரா? இது நாடகத்தின் குறை எனக் கூறவும் இடமுண்டு.

2. அவையோர் அறிவது யாது? தந்தை அறியாததை நாம் முதற்காட்சியிலேயே அறிகிறோம். உண்மை இறுதிவரை மறைக்கப்பட்டிருப்பின் நமக்கு வியப்பே மிஞ்சும். முன்னரே அறிவதால் ஒவ்வொரு காட்சியிலும் அச்சம் வளர்கிறது.

3. ஏமாந்தோர்க்கும் பங்குண்டா? தந்தை தன்னைக் கைவிட்டார் எனத் தம்பி எழுதியதைக் கார்ல் உடனே நம்பிக் கொள்ளையர் தலைவனாகிறான். தந்தைக்கு மீண்டும் ஒரு வரி எழுதினானல்லன். "ஃபிரான்ஸ் தீயவன்" என்று எழுதி முடிக்கும் விடை இதைக் காணத் தவறும்.

பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா'வை உங்கள் பெற்றோர் 1954இல் வெளிவந்த திரைப்படத்தின் வாயிலாக அறிந்திருப்பர். அதில் வசந்தசேனையின் மயக்கில் மனைவியையும் மகனையும் ஒதுக்கும் அரசனிடமும் இவ்வினாக்களையே கேட்டுப் பாருங்கள்.

உடன்பிறந்தார் பல நாடுகளிலே சிதறி, ஒருவர் செய்தியை மற்றொருவர் வாயிலாகக் கேட்டறியும் காலம் இது. இந்நாடகம் நமக்கு அயலானதன்று.

பயிற்சி: தந்தை அக்கடிதத்தைக் கையில் வாங்கித் தாமே வாசித்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்? அக்காட்சியை இருபது வரிகளில் உரையாடலாக எழுதுக. உங்கள் காட்சியில் ஃபிரான்ஸ் தப்புவதற்கும் ஒரு வழி இருத்தல் வேண்டும்.