கலங்கல் நீரும் கண்காணா அணுவும்

கல்லணையைக் கடந்து காவிரியிலும் வெண்ணாற்றிலும் புதுப்புனல் வருங்கால், அது மண்ணின் நிறங்கொண்டு கலங்கியிருப்பதைத் தஞ்சை, மன்னார்குடி, தீபங்குடிப் பகுதிகளில் வாழும் நம்மவர் நன்கறிவர். அந்நீரைக் குடத்தில் மொண்டு ஓரிரவு வைத்தால் மணல் அடியில் படியும். மேல்நீரோ முற்றும் தெளிவதில்லை. மடித்த துணியால் வடித்தாலும் கலங்கல் நீங்குவதில்லை. காரணம் யாது?

அந்நீரில் மிக நுண்ணிய களிமண் துகள்கள் பரவி நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு முதல் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளவுள்ள துகள்கள் பிறிதொரு பொருளில் பரவியிருக்கும் நிலையைக் கூழ்மம் என்பர். 1861இல் இவ்வகைப் பொருள்களைத் தனியே பிரித்துப் பெயரிட்டவர் தாமஸ் கிரகாம் என்னும் வேதியியலறிஞர். பாலும் வடிகஞ்சியும் கூழ்மங்களே. இருட்டறையில் கலங்கல் நீரினூடே ஒளிக்கற்றையைச் செலுத்தினால் அதன் பாதை புலப்படும். தெளிந்த உப்புநீரில் புலப்படாது.

இத்துகள்கள் படியாமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அணுக்களின் ஓயா இயக்கம். திண்மப் பொருளில் அணுக்கள் தத்தம் இடத்தில் நின்றே அதிர்கின்றன. நீர்மத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருங்கியவாறே இடம்பெயர்கின்றன. காற்றிலோ நொடிக்குச் சுமார் 500 மீட்டர் விரைவில் பறந்து மோதுகின்றன. நீரின் மூலக்கூறுகள் எப்புறமும் மோதுவதால் நுண்துகள் அலைந்துகொண்டேயிருக்கும். இவ்வலைவை 1827இல் இராபர்ட் பிரௌன் உருப்பெருக்கியில் கண்டார். 1905இல் ஐன்ஸ்டைன் காரணங்கூறினார். அதனை அளந்து மெய்ப்பித்த பெரின் 1926இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டாவது காரணம், களிமண் துகள்கள் யாவும் எதிர்மின்சுமை உடையன. ஆதலின் ஒன்றையொன்று விலக்குகின்றன.

படிகாரம் இட்டால் அதிலுள்ள அலுமினியத்தின் நேர்மின்சுமை அவ்விலக்கத்தைத் தணிக்கும். துகள்கள் திரண்டு படியும். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்ப்பதும் துகள்களைப் பிணைத்துத் திரளச் செய்யும்.

பரமாணுக்கள் கூடிக் கந்தமாவதற்குப் பசைமையும் வறட்சியும் காரணம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் உரைக்கும் கருத்து. ஆயினும், பகுக்கவொண்ணாப் பரமாணுவும், பகுக்கத்தக்கதென இன்று அறியப்பட்ட அணுவும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. புற்கலம் கூடியும் பிரிந்தும் இயங்குவது என்னும் நோக்கே நாம் சிந்திக்கத்தக்கது.

இனி, நாள்தோறும் நாம் நீரை வடிப்பது வீணோ? அன்று. துணி தடுப்பது களிமண்ணையன்று, நீர்வாழ் சிற்றுயிர்களை. அதனாலன்றோ வடித்த துணியை அலசி, அவ்வுயிர்களை அவை வந்த நீர்நிலையிலேயே விடுகின்றோம்! இதில் உடல்நலமும் உண்டு. வங்கதேசச் சிற்றூர்களில் பழஞ்சேலையைக் குறைந்தது நான்காக மடித்து நீரை வடித்தபோது காலரா 48 விழுக்காடு குறைந்ததை ரீட்டா கோல்வெல் குழுவினர் 2003இல் வெளியிட்டனர். அந்நோய்க்கிருமிகள் சிற்றுயிர்களைப் பற்றி வாழ்வதே காரணம்.

எனினும் தனித்துத் திரியும் கிருமிகள் துணியின் கண்வழியே நுழைந்துவிடும். தெளிந்த நீரெல்லாம் தூயநீர் ஆகாது. ஆகவே நீரை வடித்தல் உயிரோம்பலுக்கு, தெளிவித்தல் கலங்கல் நீக்கத்திற்கு, காய்ச்சுதல் நோய்த்தடுப்பிற்கு என மூன்றின் பயனையும் வேறுபடுத்தி உணர்ந்து, ஒன்றையும் கைவிடாது போற்றுவோமாக. வடிப்பதன் காரணத்தை வளரும் இளஞ்சிறார்க்கும் எடுத்துரைப்போமாக.