நள்ளிரவு உணவுக்கு ஏற்ற காய்கறிச் சாறு

வெண்ணந்தூர் வட்டாரத்தில் இரவு என்பது எல்லோரும் உறங்கும் காலமன்று. நாமக்கல் மாவட்டம், இராசிபுரம் வட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி 1997-ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. மாவட்டம் மாறியதே தவிர, தறியின் ஓசை மாறவில்லை. ஒரு முறை முடிந்து மறு முறை தொடங்கும் வேளை, பல பட்டறைகளில் இரவுக்குள்ளேயே வருகிறது. நெசவாளர் இப்படியென்றால், உழவரும் மோட்டாருக்கு மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் மடை திருப்பச் செல்கின்றனர். வேலை முடிந்து வீடு திரும்புவோருக்கு இரவு பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் வயிறு பசிப்பது இயல்பு. அப்பொழுது எதை உண்பது என்பதே நாம் இங்கு ஆராயப் போகும் பொருள்.

இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இதன் பின்விளைவு சிறிதன்று. பசித்தவன் வழியில் உள்ள கடையில் இரண்டு பரோட்டாவும் குழம்பும் உண்டு, வீடு வந்து உடனே படுத்துவிடுகிறான். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெல்லவே இறங்கும். படுத்த நிலையில் புளிப்பு நீர் மேலேறி நெஞ்சை எரிக்கும். அன்றியும், பகலில் உண்ணும் அதே சோறு இரவில் உண்ணும்பொழுது இரத்தத்தில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது. உடலின் உள்கடிகாரம் இரவில் சர்க்கரையைக் கையாளும் திறனைக் குறைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். நெடுநாள் இரவு வேலை செய்வோரிடையே நீரிழிவும் இதய நோயும் மிகுதி என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டென மதிப்பிட்டது. உழைப்பாளிக்குச் சர்க்கரை நோய் வராது என்று கூறும் வழக்கம் நம் சிற்றூர்களில் இன்னும் இருக்கிறது. தறியோரம் நின்றபடியே இரவைக் கழிப்பவரை அந்த நம்பிக்கை காப்பாற்றாது.

சாறு என்றவுடன் அதை ஓட்டல் பொருளாகவோ வெள்ளைக்காரர் உணவாகவோ எண்ணுதல் தவறு. நம் மிளகுத்தண்ணீரையே ஆங்கிலேயர் ‘முல்லிகாடானி’ என்று தம் நாவுக்கேற்ப அழைத்து, தம் நாட்டு விருந்துகளில் சேர்த்துக்கொண்டனர். கொங்குப் பகுதியின் கொள்ளு ரசமும், செலவு ரசமும், பருப்பு வெந்த தண்ணீரும் இதற்கு உறவுதான். ஆகவே நாம் கூறும் சாறு புதியதன்று. காய்கறியைச் சற்றுக் கூட்டி, புளியையும் எண்ணெயையும் குறைத்து அமைத்தது, அவ்வளவே.

நான்கு பேருக்குத் தேவையானவை: பாசிப்பருப்பு 50 கிராம், இளஞ்சுரைக்காய் கால் கிலோ, தக்காளி மூன்று, சின்ன வெங்காயம் ஒரு பிடி, பூண்டு நான்கு பல், உருவிய முருங்கைக்கீரை இரண்டு பிடி, பொடித்த மிளகு சீரகம் ஒரு தேக்கரண்டி, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி, எலுமிச்சம்பழம் பாதி. சுரைக்காய் கிடைக்காத நாளில் பீர்க்கங்காயோ பூசணியோ போதும். விலை உயர்ந்த காய் எதுவும் தேவையில்லை. இராசிபுரம் உழவர் சந்தையில் கிடைப்பதும் கொல்லையில் விளைவதுமே இதற்கு உரியவை.

பருப்பைச் சிறிது வறுத்துக் கழுவி, மஞ்சள்தூள் சேர்த்து, ஒன்றரை லிட்டர் நீரில் குழைய வேகவிட வேண்டும். பின்னர் சுரைக்காய், வெங்காயம், தக்காளி, நசுக்கிய பூண்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, மத்தால் இலேசாகக் கடைய வேண்டும். வெந்த நீரை ஒருபொழுதும் வடித்துக் கொட்டலாகாது. காயின் உப்புச்சத்துகள் கரைந்து நிற்பது அந்த நீரில்தான். கீரையைக் கடைசியில் இட்டு, நான்கைந்து நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். எண்ணெயில் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, மிளகுப்பொடி தூவி, எலுமிச்சஞ்சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும். வைட்டமின் ‘சி’ கொதியில் அழியும் தன்மையது. கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க அது துணை செய்கிறது. அந்த ஒரு தேக்கரண்டி எண்ணெயையும் சிலர் விலக்க எண்ணுவர். அது வேண்டாம். கீரையின் கரோட்டீன் சத்து சிறிதளவு கொழுப்புடன் சேர்ந்தால்தான் உடலில் சேரும்.

இவ்வாறு செய்த சாற்றில் ஒருவர் பங்குக்கு ஏறத்தாழ 100 கலோரி இருக்கும். ஒரு பரோட்டா மட்டுமே இதைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டது.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் நாள் முழுவதும் உண்ணும் உப்பு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டியளவே. நான்கு பேருக்கான சாற்றுக்கு முக்கால் தேக்கரண்டி உப்பு போதுமானது. எலுமிச்சையும் மிளகும் குறையை நிரப்பும். பொட்டலத்தில் விற்கும் சூப்புப்பொடிகளில் உப்பும் மாவும் மிகுதி. சாறு கெட்டியாக வேண்டுமென்று மாவு கரைத்து ஊற்றுவதும் தேவையற்றது. சேலம் ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றதில் மரவள்ளி பயிரிடும் நமக்கெல்லாம் பெருமைதான். எனினும் கிழங்கு மாவுக்கு நள்ளிரவுச் சட்டியில் இடமில்லை.

கசக்கும் சுரைக்காயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நறுக்கியவுடன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். அக்கசப்பு நஞ்சு. கொதிக்க வைத்தாலும் நீங்காது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகி உயிருக்கே கேடு நேர்ந்ததுண்டு.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர், மருந்தை உட்கொண்டுவிட்டுச் சோற்றை விட்டு இச்சாற்றை மட்டும் குடித்துப் படுத்தல் ஆபத்தானது. உறக்கத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம். அவர் இரண்டு இட்டலியோ ஒரு ராகி அடையோ சேர்த்து உண்பதுடன், மருத்துவரிடம் தம் வேலை நேரத்தையும் கூறி மருந்து வேளையை அமைத்துக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் இதைக் கூறலாம். சிறுநீரக நோயுள்ளவர் கீரையும் காய்நீரும் தமக்கு ஆகுமா எனக் கேட்ட பின்னரே தொட வேண்டும். மற்றவர்கள் வேலைக்குப் போகுமுன் மாலையிலேயே முழு உணவை உண்டுவிட்டால், பின்னிரவில் சாறு மட்டும் போதும். மாலையில் அரை வயிறாகச் சென்றவருக்கு அது போதாது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரவில் கீரை ஆகாது என்பது பெரியோர் வாக்கு. அதை நாம் இகழ்வதற்கில்லை. கீரை உண்டால் வயிறு உப்புவதாக உணர்வோர் அதை விட்டுக் காய்களை மட்டும் கொண்டு செய்யலாம். ஆயின் இக்கால மருத்துவத்தில் இரவுக்கென்று தனித் தடை ஏதுமில்லை.

மாலை ஆறு மணிக்குச் செய்ததை மூடி வைத்து நள்ளிரவில் அப்படியே குடிப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. பருப்புச் சேர்ந்த சாறு நம் வெயிலில் விரைவில் கெடும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் ஆறவிடலாகாது. வெந்நீர் ஊற்றிக் கழுவிய பிளாஸ்கில் கொதிக்கக் கொதிக்க நிரப்பிக் கொடுத்தனுப்புதல் நன்று. பிளாஸ்க் இல்லாத வீட்டில், காயை நறுக்கிப் பருப்பை மட்டும் ஊறவைத்துவிட்டு, ஆள் வந்தபின் கால்மணி நேரத்தில் பிரஷர் குக்கரில் செய்து முடிக்கலாம்.

ஊராட்சிப் பணியில் உள்ளோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. பொதுக்குழாயடியிலும் அங்கன்வாடி வளாகத்திலும் வீணாகும் நீரை ஒரு முருங்கைக்குத் திருப்பிவிடலாம். பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்தின் பி.கே.எம்.1 செடிமுருங்கையை விதையிட்டே வளர்க்கலாம். செடி முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கீரைக்கு அத்தனை நாள் காத்திருக்க வேண்டியதில்லை.