பல் மருத்துவரிடம் பேச உதவும் ஆங்கிலம்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது பழமொழி. சொல் தெரியாவிட்டால் பல் என்ன பாடுபடும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் நான் அறிந்துகொண்டேன். பாடுபட்டது என் பல் அன்று, என் ஆச்சியின் பல்.

விடுமுறைக்கு நானும் ஆச்சியும் பெங்களூருவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குச் சென்றிருந்தோம். போன மூன்றாம் நாள் ஆச்சிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி கண்டது. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை. சித்தப்பா அலுவலகம் போய்விட்டார். சித்திக்குக் கைக்குழந்தை. "கான்வென்ட்டில் படிக்கிற பிள்ளை இருக்கும்போது என்ன கவலை?" என்று ஆச்சிக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். பல் மருத்துவர் வடநாட்டவர், தமிழ் அறியாதவர். எனக்கோ ஆங்கிலத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண். தலை நிமிர்ந்தே உள்ளே போனேன்.

"டாக்டர், ஹர் டீத் இஸ் பெயினிங்" என்று தொடங்கினேன். தோழியரே, இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. ஒரு பல் என்றால் ‘டூத்’, பல பற்கள் என்றால்தான் ‘டீத்’. மேலும் ‘பெயினிங்’ என்று நாம் சொல்வதுபோல் ஆங்கிலேயர் சொல்வதில்லை. "ஹர் டூத் ஹர்ட்ஸ்" என்றோ "ஷி ஹேஸ் எ டூத்ஏக்" என்றோ சொல்லவேண்டும். ஆனாலும் இந்தப் பிழையால் கேடு ஒன்றும் வரவில்லை. மருத்துவர் புரிந்துகொண்டு, "வாட் கைண்ட் ஆஃப் பெயின் இஸ் இட்?" என்று கேட்டார். எப்படிப்பட்ட வலி என்பது அதன் பொருள்.

நான் ஆச்சியைக் கேட்டேன். ஆச்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, மொதல்ல பச்சத்தண்ணி பட்டா கூசிச்சு. பொறவு சும்மா இருந்தாலே விண்ணு விண்ணுன்னு தெறிக்கி. ராத்திரி படுத்தா கூடிப்போவுது" என்றார்கள். எவ்வளவு தெளிவான பதில்! நான் அதை மொழிபெயர்த்தேன்: "வெரி மச் பெயின், டாக்டர்."

ஆச்சி சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டென்பது பிறகுதான் தெரிந்தது. குளிர்ச்சியோ இனிப்போ பட்டால் பல் கூசுவதை "மை டூத் இஸ் சென்சிடிவ் டு கோல்ட்" என்று சொல்லவேண்டும். நம் மொழியில் கூச்சம் என்றால் வெட்கமும் ஆகும். அதை நினைத்து "மை டூத் இஸ் ஷை" என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தி சொன்னாள்! நாடி துடிப்பதுபோல் விண் விண்ணென்று தெறிப்பது ‘த்ராபிங்’. கடிக்கும்போது சுருக்கென்று குத்துவது "எ ஷார்ப் பெயின் வென் ஐ பைட்". விடாமல் மந்தமாக இருப்பது ‘டல் ஏக்’. தூங்கவிடாத வலியை "இட் கீப்ஸ் மீ அவேக் அட் நைட்" என்று சொல்லலாம்.

இவை வெறும் சொல்லலங்காரம் அல்ல. தண்ணீர் பட்டுக் கூசிய பல் உடனே அடங்கிவிட்டால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் நரம்பு இன்னும் பிழைத்துக்கொள்ளக் கூடிய நிலையில் இருக்கும். அதை "இட் லாஸ்ட்ஸ் ஒன்லி எ செகண்ட்" என்று சொல்லவேண்டும். தண்ணீரை விழுங்கிய பிறகும் வலி நின்று நீடித்தால் "தி பெயின் லிங்கர்ஸ்" என்று சொல்லவேண்டும். நரம்பு வீங்கிக் கெட்டுவருவதற்கு அது பெரும்பாலும் அடையாளம். பல்லை அடைத்தால் போதுமா, வேர்ச் சிகிச்சை வேண்டுமா, பிடுங்கத்தான் வேண்டுமா என்று முடிவு செய்யுமுன் மருத்துவர் கேட்டறிவது இதைத்தான். பல்லைத் தட்டிப் பார்த்தும் எக்ஸ்ரே எடுத்தும் அவர் அறிவார் என்றாலும், வலியின் கதையை நாம்தான் சொல்லியாகவேண்டும்.

எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஆச்சியின் பல்லை எடுத்துவிடவேண்டும் என்றார் மருத்துவர். எடுக்குமுன் சில கேள்விகள் கேட்டார். சர்க்கரை நோய் உண்டா, மருந்து ஏதும் ஒவ்வாதா என்பவை எனக்கு விளங்கின. பிறகு, "இஸ் ஷி ஆன் எனி ப்ளட் தின்னர்ஸ்?" என்றார். ‘ப்ளட்’ தெரியும், ‘தின்’ தெரியும். இரத்தம் மெலிந்திருக்கிறதா என்று கேட்கிறார்போலும் என எண்ணி, "ஆச்சி, ஒங்களுக்கு ரத்தம் கம்மியான்னு கேக்காவ" என்றேன். "அதெல்லாம் இல்லட்டி, நல்லாத்தான் இருக்கு" என்றார்கள் ஆச்சி. நானும் தயங்காமல் "நோ, டாக்டர்" என்றேன்.

ஆச்சிக்கு நெஞ்சுவலி வந்த நாள்முதல் தினமும் ஆஸ்பிரின் மாத்திரை உண்டு. அதுதான் ‘ப்ளட் தின்னர்’. பெயர்தான் அப்படி, உண்மையில் இரத்தம் நீர்த்துப்போவதில்லை, உறைவதற்குத் தாமதமாகிறது. அன்று மாலை வரையில் பஞ்சை மாற்றி மாற்றிக் கடித்தும் ஆச்சிக்கு இரத்தம் நிற்கவில்லை. வெள்ளைச் சேலைத் தலைப்பெல்லாம் கறை. ஆச்சி செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நான் அறை மூலையில் அழுதுகொண்டிருந்தேன். சித்தப்பா வந்து, மாத்திரையைப் பற்றிக் கேட்டறிந்து, திரும்ப அழைத்துச் சென்றார். மருத்துவர் தையல் போட்டு, அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்தினார். அவர் கோபிக்கவில்லை. "தெரிந்திருந்தாலும் பல்லை எடுத்திருப்பேன். ஆனால் முதலிலேயே தையல் போட்டிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். மாத்திரையை நாமாக நிறுத்துவதும் ஆபத்து என்றார். நிறுத்துவதா வேண்டாமா என்று சொல்லவேண்டியவர் மருத்துவர்; அதைச் சாப்பிடுவதைச் சொல்லவேண்டியவர்கள் நாம். சொல் வராவிட்டால் மாத்திரை அட்டையையே எடுத்துக் காட்டிவிடலாம். பெனிசிலின் ஒவ்வாதவர்கள் "ஐ ஆம் அலர்ஜிக் டு பெனிசிலின்" என்பதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பள்ளி திறந்ததும் எங்கள் ஆங்கில ஆசிரியை சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. பல்வலிக்காரர்களுக்குப் பாதுகாவலியான புனித அப்போலோனியாவின் வரலாற்றைச் சொன்னார்கள். 249-ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவில் விசுவாசத்துக்காகப் பற்கள் நொறுக்கப்பட்டு உயிர் துறந்தவர் அவர். திருநாள் பிப்ரவரி 9. சொல்லிவிட்டு, "செபமும் செய், சொல்லும் படி" என்று பல் சம்பந்தமான சொற்களைக் கரும்பலகையில் எழுதினார்கள்.

அவற்றுள் நாம் சறுக்கும் இடங்கள் சில. சொத்தைப் பல்லை நம் வீடுகளில் பூச்சிப்பல் என்பார்கள். அதை எண்ணி "தேர் இஸ் அன் இன்செக்ட் இன் மை டூத்" என்றால் மருத்துவர் திகைப்பார். பல்லில் பூச்சி இல்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சர்க்கரையைத் தின்று உண்டாக்கும் அமிலம்தான் எனாமலை அரிக்கிறது. குழிக்குப் பெயர் ‘கேவிட்டி’. ஈறு ‘கம்’. ஒட்டும் கோந்துக்கும் அதே பெயர்தான். "மை கம்ஸ் ப்ளீட்" என்று பன்மையில் சொன்னால் ஐயமில்லை. பல் கட்டுவதற்கு ‘டை’ என்ற சொல் உதவாது. கட்டிய பல்வரிசை ‘டென்ச்சர்’. கடைவாய்ப் பல் ‘மோலர்’. இலத்தீன் மொழியில் திரிகைக்கல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்ததாம். அரைக்கிற பல்லுக்கு ஏற்ற பெயர்.

நாற்காலியில் சாய்ந்தபின் கேட்கவேண்டியதே மிகுதி. "ஓப்பன் வைட்" என்றால் வாயை அகலத் திறக்கவேண்டும். ‘பைட் டவுன்’ கடிப்பதற்கு, ‘ரின்ஸ்’ கொப்பளிப்பதற்கு, ‘ஸ்பிட்’ துப்புவதற்கு. ஊசி போட்டபின் "இஸ் இட் நம்?" என்று கேட்பார், மரத்துவிட்டதா என்று பொருள். மரக்கவில்லையானால் வெட்கப்படாமல் "நாட் யெட்" என்று சொல்லவேண்டும். வாய் திறந்தபின் எந்த மொழியும் உதவாது. ஆகையால் முன்கூட்டியே, "இஃப் இட் ஹர்ட்ஸ், ஐ வில் ரெய்ஸ் மை லெஃப்ட் ஹேண்ட்" என்று சொல்லி வையுங்கள். மருத்துவர் பெரும்பாலும் நமக்கு வலப்பக்கம் இருப்பதால் இடக்கை என்றது.

பல் எடுத்தபின் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். "டோன்ட் ரின்ஸ் டுடே" என்பார். நமக்கோ வீட்டுக்குப் போனதும் உப்புநீர் கொப்பளிக்கவேண்டும் என்று கை துறுதுறுக்கும். முதல் 24 மணி நேரம் கூடாது. குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும். முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அல்லது விழுங்கக் கஷ்டமானால், "மை ஃபேஸ் இஸ் ஸ்வோலன், இட் இஸ் அர்ஜன்ட்" என்று அன்றைக்கே போகவேண்டும்.

ஆச்சியின் சுருக்குப் பையில் இப்போது வெற்றிலையோடு மாத்திரை அட்டையும் இருக்கிறது. மேல் வரிசையில் இன்னொரு பல் ஆடுகிறதாம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது அதே மருத்துவரிடம் காட்டவேண்டும், அதற்கும் நான்தான் உடன்வர வேண்டும் என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள்.