வீட்டிற்குள் ஒரு வானப்பிரஸ்தம்

ஓய்வு பெறும் நாளில் ஒருவருக்கு மாலையும் சால்வையும் கிடைக்கின்றன, பாராட்டுரைகள் கிடைக்கின்றன, சில அலுவலகங்களில் சுவர்க் கடிகாரமும் கொடுக்கிறார்கள். "அவருடைய மனைவிக்கு என்ன கிடைக்கிறது, தெரியுமா? பகல் முழுவதும் வீட்டிலேயே இருக்கும் ஒரு கணவர் கிடைக்கிறார்" என்றார் புனே நகரில் வசிக்கும் அம்மையார் ஒருவர். அருகில் அமர்ந்திருந்த கணவர் சிரித்தார். ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் இதே சொற்களுக்கு அவர் சிரித்திருக்க மாட்டார் என்பதை, அன்று பிற்பகல் அவர்கள் பேசக் கேட்டபோது அறிந்துகொண்டேன்.

மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 1998-ஆம் ஆண்டில் 58-இலிருந்து 60 ஆக உயர்த்தப்பட்டது. அறுபதில் ஓய்வு பெறுபவர் அதன்பின் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழ்வது இன்று வியப்பன்று. இந்த ஆண்டுகளை எப்படிக் கழிப்பது என்று கேட்டால் யோசனை சொல்லப் பலர் இருக்கிறார்கள். யாருடன் கழிக்கப் போகிறோம் என்று மட்டும் நாம் கேட்டுக்கொள்வதில்லை. அதற்கான விடை திருமணத்தன்றே தெரிந்துவிட்டதாக எண்ணம்.

நம் பழைய நூல்கள் இப்பருவத்தைப் பற்றிச் சிந்தித்திருக்கின்றன. முகத்தில் சுருக்கமும் தலையில் நரையும் கண்டு, மகனுக்கு மகன் பிறந்ததையும் பார்த்துவிட்ட இல்லறத்தான் வனம் புகலாம் என்கிறது மனுஸ்மிருதியின் ஆறாம் அத்தியாயம். அப்போது மனைவியை மக்களிடம் ஒப்படைத்துச் செல்லலாம், அல்லது அவளையும் உடன் அழைத்துச் செல்லலாம் என்று இரண்டு வழிகளை அது காட்டுகிறது. அவளுடைய விருப்பம் எது என்று அங்கே கேட்கப்படவில்லை.

தொல்காப்பியம் வேறொரு காட்சியைக் காட்டுகிறது. பொருளதிகாரத்தின் கற்பியலில், இன்ப வாழ்வு நிறைவெய்திய பிற்காலத்தைக் குறித்து ஒரு நூற்பா வருகிறது. காவலாக நிற்கும் மக்களோடும் அறம் நாடும் சுற்றத்தோடும் கூடியிருந்து, தலைவனும் தலைவியும் உயர்ந்ததைப் பழகிவருவதே கடந்துபோன வாழ்வின் பயன் என்பது அதன் கருத்து. இங்கே யாரும் யாரையும் ஒப்படைக்கவில்லை. இருவரும் சேர்ந்து எழுவாயாக நிற்கிறார்கள். அந்த உயர்ந்தது எது என்பதைப் பற்றி அறிஞர்கள் பேசிக்கொண்டேயிருக்கலாம். என் கண் நிற்பது வினைச்சொல்லின் மேல்தான்: பழகுதல். ஒரு நாளில் முடிந்துவிடும் செயலை யாரும் பழகுவதில்லை.

புனே தம்பதியரிடம் வருவோம். கணவர் இரயில்வேயின் சரக்குப் பிரிவில் 38 ஆண்டுகள் எழுத்தராக இருந்தவர். அம்மையார் வெளியில் வேலைக்குச் சென்றதில்லை. பிள்ளைகள் இருவரும் வேறு ஊர்களில் இருக்கிறார்கள். ஓய்வுக்குப் பின் வந்த இரண்டாவது வாரத்தில், மனைவி உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்த நேரம் பார்த்து, கணவர் சமையலறையை ஒழுங்குபடுத்தினார். டப்பாக்களை அளவு வாரியாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டு ஒட்டினார். எது எந்தத் தட்டில் இருக்கிறது என்பதற்கு ஒரு பதிவேடும் தயாரித்தார். சரக்குக் கிடங்கில் அந்த முறை சிறப்பாகவே நடந்திருக்கும்.

அம்மையார் திரும்பி வந்தார். கடுகு எடுக்கக் கை நீட்டினார். கையில் வந்தது வெந்தயம். முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பார்க்காமலேயே எடுத்து வந்த கை அது. இரண்டு நாள் அவர் கணவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "உங்களுக்கு ஓய்வு கொடுத்த அரசாங்கம் எனக்குக் கொடுக்கவில்லை. இருந்த ஒரே அலுவலகத்தையும் நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் எங்கே போவது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத் தம்மிடம் பதில் இல்லை என்பது கணவருக்குப் புரிந்தது. சீட்டுகளைக் கிழித்துவிட்டார். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. சில மாதங்கள் அவர் காலையில் கிளம்பிப் பூங்காவுக்குப் போய், அங்கே தம்மைப் போன்றவர்களுடன் அமர்ந்து, உணவு நேரத்துக்கு வீடு திரும்பினார். ஒரே கூரையின் கீழ் இரண்டு தனிமைகள். பெரும்பாலான வீடுகளில் கதை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பது என் எண்ணம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அமைதியாகவே தெரியும்.

இவர்கள் வீட்டில் கதையை நகர்த்தியது ஒரு கோதடி. மகாராஷ்டிரத்தில் பழைய பருத்திப் புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, கையால் தைத்து உருவாக்கும் போர்வைக்குக் கோதடி என்று பெயர். கர்நாடகத்தில் இதைக் கவுதி என்பர், வங்காளத்தில் காந்தா, பிகாரில் சுஜனி. வடமொழியில் கந்தா என்ற சொல் ஒட்டுத்துணி ஆடையைக் குறிக்கும். தெருவில் கிடைத்த துணிகளை இணைத்துத் துறவிகள் அணிந்த ஆடைக்கும் அதுவே பெயர். நாம் கந்தை என்கிறோம். பாட்டி தைத்துப் பேரனைப் போர்த்தும் துணிக்கும் பரிவிராஜகரின் தோளில் கிடக்கும் துணிக்கும் ஒரே பெயர் அமைந்திருப்பதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அது வேறொரு சமயம்.

மகளுக்குக் குழந்தை பிறக்கவிருந்தது. அம்மையார் கோதடி தைக்கத் தொடங்கினார். ஊசியில் நூல் கோப்பது அவருக்குச் சிரமமாக இருந்தது. "அஹோ, இதைக் கொஞ்சம் கோத்துக் கொடுங்கள்" என்றார். கணவனைப் பெயர் சொல்லி அழைக்காமல் அஹோ என்று விளிப்பது மராட்டியப் பெண்களின் பழைய வழக்கம். அவர் பத்து ஊசிகளில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைத்தார். நூல் ஒரு கை நீளத்துக்கு மேல் போனால் சிக்கு விழும் என்பதைத் தாமே கண்டுபிடித்தார். ஒரு வாரத்தில், தாமும் ஓர் ஓரத்தில் தைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். டப்பாக்களை அடுக்கியபோது அவர் கேட்கவில்லை.

அவர்கள் ஓரத்திலிருந்து தொடங்கி, உள்நோக்கி வரிவரியாகத் தைத்துப் போகிறார்கள். எதிரெதிர் விளிம்புகளில் அமர்ந்து தொடங்கினால், பல வாரங்களுக்குப் பிறகு நடுவில் சந்திப்பார்கள். இதில் ஒரு தொல்லை உண்டு. ஒருவர் நூலை இறுக்கி இழுத்தால், அவர் பக்கத்தில் மட்டுமல்லாமல் துணி முழுவதிலும் சுருக்கம் விழும். மிகவும் தளர்த்திவிட்டாலோ, போர்த்துபவரின் கால்விரல் அதில் மாட்டும். கணவரின் தையல் முதலில் மிக இறுக்கமாக இருந்தது. அம்மையார் அதைப் பிரிக்கவில்லை. "உங்கள் பக்கத்தில் துணி மூச்சு முட்டுகிறது" என்று மட்டும் சொன்னார். அந்த முதல் கோதடியை நான் பார்த்ததில்லை. அது பேரக்குழந்தையிடம் போய்விட்டது. நான் கண்டது நான்காவது. அதில் யார் தைத்தது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மையாருக்குத் தெரிகிறது.

அடுக்குகளில் எந்தத் துணி எங்கே இருக்கிறது என்பதையும் அவர்கள் சொல்கிறார்கள். மேலே தெரியும் ஒரு நீலத்துண்டு அவர் வேலைக்குச் சென்ற காலத்துச் சட்டை. உள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில், அவருடைய தாயாரின் ஒன்பது கஜப் புடவை இருக்கிறது. மாமியாருக்கும் தமக்கும் நெடுநாள் நடந்த பிணக்கைப் பற்றி அம்மையார் முதன்முறையாகக் கணவரிடம் முழுவதும் பேசியது, அந்தப் புடவையை வெட்டிய பிற்பகலில்தான். "வேலைக்குப் போன நாட்களில் இவ்வளவு பேசியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது" என்றார் கணவர். நேர்மையான சொல்.

மாலையில் இன்னொரு பழக்கம். துளசி மாடத்தருகே விளக்கேற்றியபின், ஞானேஸ்வரியிலிருந்து பத்து ஓவிகள். பகவத் கீதைக்கு மராட்டியில் ஞானேஸ்வரர் அருளிய விளக்கம் அது. 1290-இல் நேவாசே என்ற ஊரில் நிறைவுற்றது. ஏறத்தாழ 9000 ஓவிகள் கொண்டது. நாளொன்றுக்குப் பத்து என்றால் ஒருமுறை முடிக்க இரண்டரை ஆண்டுகள் ஆகும். கணவர் கணக்கர் ஆதலால் இதை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தார். அவர் நூலைப் பார்த்துப் படிப்பார். அம்மையார் வாரகரிக் குடும்பத்தில் பிறந்தவர். பண்டரிபுரத்துக்கு நடந்து செல்லும் பெரியவர்களின் வாயிலிருந்து கேட்டே பல பகுதிகளை மனத்தில் வைத்திருப்பவர். கணவரின் உச்சரிப்பு பிறழ்ந்தால் நூலைப் பார்க்காமலேயே திருத்துவார். பள்ளிப்படிப்பு அவருக்குக் கணவரைவிடக் குறைவு. இந்த நேரத்தில் ஆசிரியர் யார் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை.

ஞானேஸ்வரரின் பெற்றோரைப் பற்றி மரபு வழங்கும் வரலாறு அந்த வீட்டில் அடிக்கடி பேசப்படுவது. தந்தை விட்டல்பந்த் இல்லறத்தில் இருந்தவர். மனைவி ருக்மிணியின் மனமார்ந்த சம்மதமின்றிக் காசிக்குச் சென்று சந்நியாசம் பெற்றார். பின்னர் உண்மையை அறிந்த குரு, அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். அதன் பிறகே நிவிருத்தி, ஞானதேவர், சோபானர், முக்தாபாய் என நால்வரும் பிறந்தனர். சந்நியாசியின் பிள்ளைகள் என்று ஊர் அவர்களை ஒதுக்கிவைத்தது. இதைச் சொல்லிவிட்டு அம்மையார், "கேட்காமல் போகலாகாது என்பது குருவுக்குத் தெரிந்திருந்தது" என்றார். கணவர் டப்பாக்களை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை.

கேட்டுவிட்டுப் போனவர் ஒருவர் உண்டு. பிருஹதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் இல்லறத்திலிருந்து நீங்கும் முன், மைத்ரேயியை அழைத்து, அவளுக்கும் காத்யாயனிக்கும் சொத்தைப் பிரித்துவிட விரும்புவதாகச் சொல்கிறார். செல்வம் நிறைந்த உலகம் முழுவதும் தனக்குக் கிடைத்தாலும் அதனால் மரணமிலாப் பெருநிலை வாய்க்குமா என்று அவள் கேட்கிறாள். இல்லை என்கிறார். அப்படியானால் நீங்கள் அறிந்ததையே எனக்குச் சொல்லுங்கள் என்கிறாள். இந்த உரையாடலை அந்த உபநிஷதம் இரண்டு இடங்களில் சொல்கிறது.

கணவன், மனைவி, மக்கள் என யார்மீது நாம் கொள்ளும் பிரியத்துக்கும் வேர் ஆத்மாவில் இருக்கிறது என்று யாக்ஞவல்கியர் விளக்குகிறார். அவசரமாகப் படிப்பவர்கள் இதைத் தன்னலத்துக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்வதுண்டு. என் மாணவப் பருவத்தில் நானும் வகுப்பில் அப்படி வாதாடியிருக்கிறேன். சமையலறையில் சீட்டு ஒட்டிய ‘நான்’ வேறு. யாக்ஞவல்கியர் சுட்டும் ஆத்மா வேறு. முன்னது எல்லாவற்றையும் தன் வரிசைப்படி அடுக்கப் பார்க்கும். பின்னதில் இரண்டு பேருக்கும் இடம் உண்டு. இன்னொன்று: விளக்கம் போய்க்கொண்டிருக்கும்போது மைத்ரேயி இடைமறித்து, தன்னைக் குழப்பிவிட்டதாகக் கணவரிடம் சொல்கிறாள். உபநிஷதம் அதை மறைக்கவில்லை. காத்யாயனி என்ன சொன்னாள் என்பது மட்டும் பதிவாகவில்லை. சொத்தில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் காலத்துக் கணவர்கள் பெரும்பாலும் பிரித்துக் கொடுப்பதுமில்லை, சொல்லிச் செல்வதுமில்லை. புனே தம்பதியர் இதற்கும் ஒரு பிற்பகலை ஒதுக்கியிருக்கிறார்கள். வியாழக்கிழமைகளில் அம்மையார் காகிதங்களைப் பார்க்கிறார், கணவர் சமைக்கிறார். வங்கிக் கணக்கு இருவரில் ஒருவரோ எஞ்சியிருப்பவரோ இயக்கும் வகையில் உள்ளதா, குடும்ப ஓய்வூதியத்துக்கான ஆணையில் தம் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்பதெல்லாம் இப்போது அவருக்குத் தெரியும். அரசு ஊழியர் இறந்தபின் துணைவருக்கு வழக்கமாகக் கிடைப்பது கடைசி அடிப்படை ஊதியத்தில் 30 விழுக்காடு என்பதும் தெரியும். அந்தக் கணக்கை அவர் தம் கையாலேயே போட்டுப் பார்த்தார். கணவர் அடுத்த அறையில் பாக்ரி தட்டிக்கொண்டிருந்தார். அது வட்டமாக வரவில்லை.

ஓய்வூதியர்கள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வேண்டும். 2014 நவம்பரில் தொடங்கிய மின்னணு முறைக்கு ஜீவன் பிரமாண் என்று பெயர். பிரமாணம் என்பது தத்துவ நூல்களில் அறிவுக்கு வாயிலானது. காட்சி, அனுமானம் முதலியன. ஒருவர் உயிரோடிருக்கிறார் என்பதற்குக் கைரேகையும், அது தேய்ந்தவர்களுக்கு முகமும் பிரமாணம் என்று நியாய நூலார் எங்கும் எழுதிவைக்கவில்லை. "எனக்கு ஆதாரம் இவள் போடும் சத்தம்தான்" என்றார் கணவர்.

நான் கடைசியாக அங்கே சென்றபோது அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். விளக்கேற்றியபின் நூல் அம்மையார் மடிக்கு மாறியது. அச்சைப் பார்த்துப் படிப்பது அவருக்குப் பழக்கமில்லை. மனத்தில் இருப்பது முந்திக்கொண்டு வந்தது, விரல் வரியில் பின்தங்கியது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த கணவர், "மெதுவாக" என்றார்.

"நீங்கள் பிழையோடு படித்த இரண்டு ஆண்டுகளும் நான் பொறுக்கவில்லையா, அஹோ?" என்று கேட்டுவிட்டு, அதே ஓவியை அவர் முதலிலிருந்து தொடங்கினார். அன்று பத்துக்குப் பதிலாக ஏழுதான் முடிந்தது.