வந்தார், வந்திருப்பார்

"மச்சான் ஊருக்கு வந்துவிட்டாரா?" என்று கேட்டால் நம் வீடுகளில் எத்தனை விதமாகப் பதில் வருகிறது, பாருங்கள். "வந்துவிட்டார்" என்பது உறுதி. இதை மார்க்க நூலோர் யகீன் என்பர். "வந்திருப்பார்" என்றால் ஒரு பக்கம் கனத்த எண்ணம், அது ளன்னு. "வந்தாரோ, இல்லையோ" என்று இருபுறமும் சமமாக நின்றால் ஷக்கு. "வந்தாலும் வந்திருப்பார்" என்பது மெலிந்த பக்கம், அது வஹ்மு. மதரஸா வாசலை மிதிக்காத பாட்டிமாரும் இந்நான்கையும் பிசகாமல் பேசுகிறார்கள்!

ஒளூச் செய்தது உறுதி, முறிந்ததோ என்பது ஐயம் எனில் ஒளூ நிலைத்தே இருக்கிறது. உறுதியை ஐயம் நீக்காது. தொழுகைக்கு இச்சட்டத்தைப் பேணும் நாம், மனிதர் விஷயத்தில் மறந்துவிடுகிறோம். வளையல் ஒன்றைக் காணோம். "வேலைக்கு வரும் பெண் எடுத்திருப்பாள்" என்கிறார் ஒருவர். அடுத்த வீட்டில் அது "எடுத்தாளாம்" ஆகிறது. தெருக்கோடிக்குப் போவதற்குள் "எடுத்தாள்"! சொன்னவர் எவரும் தாம் பொய் சொன்னதாக நினைப்பதில்லை. ஆனால் எண்ணங்களிலும் பாவமானவை உண்டென்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் எச்சரிக்கிறது.

வளையல் பின்னர் தலையணை உறைக்குள் கிடைத்தால், அழுது தௌபாச் செய்தால் மட்டும் போதாது. யார் யாரிடம் சொன்னாரோ அவர்களிடமெல்லாம் போய் மறுத்துச் சொல்லவேண்டும். அப்பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டும்.